சாவடியில் ஒரு கழிப்பறையைத் திறந்து வையுங்கள்

மலைச்சாலைச் சாவடிகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகள் முன்கூட்டியே எடுக்க வேண்டிய இ-பாஸ் எதற்காக வந்தது, இரவில் கேட்டை ஏன் மூடுகிறீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவற்றை எதிர்த்து இந்த மடலை எழுதவில்லை. யானைகள் கடக்கும் வழியில் இரவு ஒன்பது மணிக்கு மேல் என் வேன் போகக் கூடாது என்றால் போகமாட்டேன். விடியும்வரை அடிவாரத்தில் காத்திருப்பேன். நான் கேட்பது ஒன்றுதான். காத்திருக்கச் சொல்லும் அந்த இடத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும். பூட்டாமல், தண்ணீரோடு, விளக்கோடு.

நான் ஓர் ஆம்னி வேனின் பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் படுக்கை போட்டு, தனியாக ஊர் சுற்றுகிறவள். இந்த முறை மேட்டுப்பாளையத்தில் மலையேறி, குன்னூர், ஊட்டி, கூடலூர் வழியாக முதுமலையையும் பந்திப்பூரையும் கடந்து குண்டல்பேட்டைக்குப் போனேன். திரும்பும்போது சாம்ராஜ்நகர், ஆசனூர், திம்பம் வழியாகச் சத்தியமங்கலத்தில் இறங்கினேன். சாலையைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை, பள்ளத்துப் பக்கம் தடுப்புச்சுவர் என்று கவனமாகத்தான் பராமரிக்கிறீர்கள். வண்டிக்கு வேண்டியதையெல்லாம் யோசித்தவர்கள், வண்டிக்குள் இருக்கும் பெண்ணை மட்டும் எப்படி மறந்தீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கூடலூரைத் தாண்டித் தொரப்பள்ளியில் காடு தொடங்குகிறது. அங்கிருந்து தெப்பக்காடு, கக்கநல்லா, அப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கம் பந்திப்பூர் என்று காடு முடியும்வரை வண்டியை நிறுத்தக் கூடாது, கீழே இறங்கக் கூடாது. சரியான விதி. புலிகள் காப்பகத்தில் வேறெப்படி இருக்க முடியும்? ஆனால் நடுவில் இறங்காதே என்று சொல்கிறவர்கள், காட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் போய்விட்டு வர ஓர் இடம் காட்ட வேண்டும். காடு முடிந்ததும் இன்னோர் இடம் வேண்டும்.

அது இல்லாததால் பெண்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? மலையேறும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம். நீலகிரிச் சோதனையில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்க்கிறார்கள். நல்லது, பார்க்கட்டும். என்னிடம் இருந்தது எவர்சில்வர் பாட்டில். வீட்டில் நிரப்பியது அப்படியே இருந்தது. உதடு காய்ந்து, தலை வலித்து, கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்போது கண் இருட்டினால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து, ஊர் திரும்பியதும் டாக்டரிடம் போய் நிற்பது எங்களில் பலருக்கு வழக்கமாகவே ஆகிவிட்டது.

திம்பத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே 27 வளைவுகள். பாதி இறங்கியிருந்தபோது கீழ் வளைவில் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றுவிட்டது. மேலேயும் கீழேயும் வண்டிகள் வரிசையாக நின்றன. ஆண்கள் இறங்கித் தடுப்புச்சுவர் ஓரமாகப் போய்விட்டு வந்தார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பின்னால் ஒரு டெம்போ டிராவலரில் கோயிலுக்குப் போய்விட்டு வரும் குடும்பம். கடைசியில் அந்த வீட்டுப் பெண்கள் ஒரு போர்வையோடு இறங்கினார்கள். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொருவராகப் போனார்கள். வயதான அம்மா ஒருவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாமல் உட்கார்ந்தார். எழுந்து வந்தவர் என் வேன் கண்ணாடியைத் தட்டி, "தனியா வந்திருக்கியா கண்ணு? நீயும் வா, நாங்க புடிச்சுக்கறோம்" என்றார்.

அந்த அம்மாவை நான் மறக்கமாட்டேன். ஆனால் அவர்கள் பின்னால் வராமல் இருந்திருந்தால்? போர்வை என் வேனிலும் இருக்கிறது. அதைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. சிறுத்தையும் யானையும் நடமாடும் சரிவில், இருட்டும் நேரத்தில், முன்பின் தெரியாதவர்களின் கருணையை நம்பித்தான் ஒரு பெண் சிறுநீர் கழிக்க வேண்டுமா?

வேறொரு மலையின் அடிவாரச் சாவடியில் கழிப்பறை இருந்தது. கதவில் பூட்டும் இருந்தது. சாவி ஆபீசில் இருக்கிறது, ஆபீஸ் பத்து மணிக்குத்தான் திறக்கும் என்றார் காவலுக்கு நின்றவர். சாவடியின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அந்த மனிதர் தலையில்தான் விடியும். அவர் என்ன செய்வார், பாவம். பிறகு மேலிடத்தில் விசாரித்தேன். ஓர் அலுவலகம் இது எங்கள் வேலை இல்லை என்று இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. வண்டிக்கு நாலு பேர் என்றாலும் வார நாளில் 24,000 பேர். எத்தனை பேர் வருகிறோம் என்று இ-பாஸில் நாங்களே எழுதித் தருகிறோம். இவ்வளவு தெரிந்த பிறகும் எத்தனை கழிப்பறை வேண்டும் என்று கணக்குப் போட ஏன் கை வரவில்லை?

இது ஊர் சுற்ற வருகிறவர்களின் சொகுசு என்று தள்ளிவிடாதீர்கள். அதே சரிவுகளில் காலையிலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்களும் இதைத்தான் அனுபவிக்கிறார்கள். தோட்டங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பிடம், எளிதில் போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. எத்தனை சரிவில் அது இருக்கிறது? தேயிலைச் செடி மறைவுதான் இன்றைக்கும் பலருக்குக் கழிப்பறை. உங்கள் சாவடிகளில் வேலை பார்க்கும் பெண் ஊழியர்களையே கேட்டுப் பாருங்கள். நான் எழுதியதைவிடக் கூடுதலாக அவர்கள் சொல்வார்கள்.

காட்டுக்குள் புதுக் கட்டடம் எழுப்பச் சொல்லவில்லை. அது எனக்கே சம்மதமில்லை. இருக்கும் சாவடிக் கட்டடங்களிலேயே பெண்களுக்கென்று ஓர் அறையை ஒதுக்குங்கள். உள்பக்கம் தாழ்ப்பாள், ஒரு பல்பு, தண்ணீர், குப்பைத்தொட்டி போதும். தினமும் கழுவ ஓர் ஆளைப் போட்டு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள். கட்டணம் வைத்தாலும் தருகிறோம். இரவில் கேட் மூடும் இடங்களில் இரவு முழுக்கத் திறந்திருக்கட்டும். மலையேறும் முன், 'அடுத்த கழிப்பறை இத்தனை கிலோமீட்டரில்' என்று ஒரு பலகை வையுங்கள்.

கோபத்தில் எங்காவது வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் மழையிலும் பனியிலும் அந்தக் கேட்டில் நிற்பவர்கள் என்பதை மறக்கவில்லை. அடுத்த கோடை சீசன் தொடங்குவதற்குள் ஒவ்வொரு மலைச்சாவடியிலும் பெண்களுக்கான கழிப்பறையைத் திறந்து வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எந்தெந்தச் சாவடியில் எப்போது திறக்கும் என்று தேதியோடு ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வேனில் தனியாக மலையேறும் ஒரு பெண்