யுங் சொன்னது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடவுள் இருப்பதை மனநல மருத்துவர் கார்ல் யுங் அறிவியல்படி நிரூபித்துவிட்டார் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அவர் அப்படி எதையும் செய்யவில்லை. 22 வருடம் மனநல வார்டில் செவிலியராக இருந்தவள் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

1959-இல் பிபிசி பேட்டியில், கடவுளை நம்புகிறீர்களா என்று கேட்டபோது, “நம்பத் தேவையில்லை, எனக்குத் தெரியும்” என்றார் யுங். கட்டுரை இதோடு நின்றுவிடுகிறது. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு பலர் அவருக்குக் கடிதம் எழுதியதால், 1960 ஜனவரியில் ‘தி லிஸனர்’ பத்திரிகைக்கு அவரே விளக்கம் அனுப்பினார். இன்ன கடவுளைத் தெரியும் என்று தான் சொல்லவில்லை, இன்னதென்று அறிய முடியாத ஒன்று தன் எதிரே நிற்கிறது, அதைத்தான் கடவுள் என்கிறேன் என்றார். மனதில் எழும் கடவுள் உருவத்தைப் பற்றி உளவியல் பேசலாம். அதற்கு அப்பால் யாராவது இருக்கிறாரா என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை இல்லை என்பதுதான் அவர் நிலை.

அவர் ஒரு பாதிரியாரின் மகன். மதப்பாடம் நடத்திய அப்பா, திரித்துவம், அதாவது தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருப்பவர் ஒரே கடவுள் என்ற கிறிஸ்தவக் கொள்கை பற்றிய பகுதி வந்ததும், தனக்கே அது புரியவில்லை என்று தாண்டிப் போய்விட்டாராம். அந்தப் பாடத்துக்காகவே ஆவலோடு காத்திருந்த பையன் யுங்.

யுங் நிரூபித்தாரா இல்லையா என்பது வெறும் வார்த்தைத் தகராறு இல்லை. குடியை நிறுத்த வார்டில் சேர்ந்திருந்த ஒருவர், கை நடுக்கமெல்லாம் அடங்கித் தெளிவாக இருந்த பத்தாம் நாள், அதிகாலை மூன்று மணிக்கு என் மேசைக்கு வந்தார். கனவில் முன்பின் தெரியாத ஒரு கிழவி வீட்டுக்குள் வந்து, ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடிவிட்டு, “போதும்ப்பா” என்றாளாம். அவள் எப்படித் திருகினாள் என்று தன் கையால் இரண்டு முறை செய்து காட்டினார். “சிஸ்டர், வந்தது சாமியா, இல்ல என் மனசா?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. உட்காரச் சொல்லி, விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலை ரவுண்ட்ஸில் டாக்டர் கேஸ் ஷீட்டில் ‘மதப் பிரமை’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பார்க்க வந்த உறவினரோ, “சாமியே வந்துட்டார், இனி மருந்து எதுக்கு?” என்றார். இருவருக்கும் உடனே பதில் தெரிந்திருந்தது. அந்த மனிதர் அதற்கப்புறம் கனவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

குடியிலிருந்து மீள ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வோரின் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனுக்கு 1961 ஜனவரி 30 அன்று யுங் எழுதிய கடிதத்தைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். தன்னிடம் வந்த ஒரு குடிநோயாளியின் தாகத்தை, முழுமைக்கான ஆன்மிகத் தாகத்தின் கீழ்நிலை வடிவமாக அவர் பார்த்தார். மதுவுக்கும் ஆன்மிக அனுபவத்துக்கும் லத்தீனில் ‘ஸ்பிரிடஸ்’ என்று ஒரே சொல்தான் என்றும் எழுதியிருந்தார். அந்த இரவு இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தால், குழாயில் என்ன ஓடியது என்றாவது அவரிடம் கேட்டிருப்பேன்.

பிபிசி பதிலைப் போட்ட அதே பக்கத்தில், ‘லிஸனர்’ விளக்கத்தையும் வரும் ஞாயிறு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர்