அந்தப் படத்தை எங்கே நின்று எடுத்தீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பயணக் கட்டுரையைப் படித்தேன். எழுத்தில் குறையில்லை. காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்துக்கொண்டு நகராமல் நின்ற பகுதியைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கு மனத்தாங்கல் இரண்டு இடங்களில்தான். ஒன்று, நடுப்பக்கம் முழுவதையும் அடைத்திருந்த கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வெந்நீர் ஊற்றின் படம். இன்னொன்று, நல்ல கோணம் வேண்டுமென்றால் மரப்பலகைப் பாதையிலிருந்து இரண்டடி இறங்கி நின்றால் போதும் என்ற வரி. அந்த வரியை நம்பி யாராவது இறங்கிவிடப் போகிறார்களே என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த இரண்டடியில் தரை என்று தெரிவது தரை அல்ல. பூமிக்கடியில் சுடுநீர் எரிமலைப் பாறையிலிருந்து சிலிக்காவை (மணலில் இருக்கும் அதே தாதுப்பொருள்தான்) கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. வெளிக்காற்றில் ஆறியதும் அந்தச் சிலிக்கா ஓரங்களில் படிகிறது. சில இடங்களில் அது தண்ணீருக்கு மேலேயே தகடுபோல நீண்டு வளர்ந்துவிடும். பார்வைக்கு வெளிறிய சிமெண்டுத் தரை, அடியில் கொதிநீர். கடல் மட்டத்திலிருந்து அந்தப் பூங்கா இருக்கும் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். நூறுக்கு ஏழு குறைவுதானே என்று யாரும் தைரியப்பட வேண்டாம். அங்கே வெந்நீர் ஊற்றுகளில் விழுந்து இதுவரை இருபது பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். 2016 ஜூன் மாதம் அதே பூங்காவின் நாரிஸ் பகுதியில் பாதையை விட்டு விலகிப் போன 23 வயது இளைஞர் ஒருவர் தவறி விழுந்தார். அங்குள்ள நீரில் அமிலத்தன்மையும் உண்டு. மறுநாள் மீட்புக்குழு போனபோது எடுத்துவர அங்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் செப்டம்பர் கடைசியில் மகள், மருமகன், பேரனுடன் அங்கே போயிருந்தேன். உங்கள் நடுப்பக்கத்தில் வந்தது போன்ற ஒரு படத்தைப் பேரன் தன் பள்ளி நோட்டின் அட்டையில் ஒட்டி வைத்திருந்தான். நடுவில் நீலம், சுற்றி பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சூரியக் கதிர்போல விரிகிற செம்பழுப்பு. கூட்டம் சேர்வதற்குள் போய்விடலாம் என்று காலை எட்டு மணிக்கே பலகைப் பாதையில் ஏறிவிட்டோம். எதிரே வெள்ளை. வெறும் வெள்ளை. குளிர்காற்றில் ஆவி சுவர் எழுப்பியது போல நின்றது. "பாட்டி, இங்க ஒண்ணுமே இல்லையே" என்றான். அழாத குறை.

ஆவி விலகியிருந்தாலும் நோட்டு அட்டையில் இருந்தது அவனுக்குத் தெரிந்திருக்காது. அந்த ஊற்றின் அகலம் 100 மீட்டருக்கு மேல். பக்கத்தில் நிற்கும்போது நம் கண் அதன் மட்டத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. தட்டை விளிம்போடு கண்ணை வைத்துப் பார்த்தால் தட்டு கோடாகத்தானே தெரியும்? வட்டமும் கதிரும் மேலேயிருந்து பார்ப்பவருக்குத்தான். நம்மைப் போன்றவர்கள் அங்கே வானத்திலிருந்து படமெடுக்கவும் வழியில்லை. அமெரிக்க தேசியப் பூங்காக்களில் 2014 முதல் டிரோன் பறக்கவிடத் தடை இருக்கிறது. அதே வருடம் ஆகஸ்டில் ஒரு சுற்றுலாப் பயணியின் டிரோன் இதே ஊற்றுக்குள் விழுந்து மூழ்கியது, அவருக்கு அபராதமும் விழுந்தது.

படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு இவ்வளவு தூரம் வந்தவன் அங்கே வெறும் ஆவியைப் பார்த்தால் என்ன செய்வான்? இன்னும் கொஞ்சம் முன்னே போனால் தெரியுமோ என்றுதான் நினைப்பான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கே கால் அரித்தது. கழுத்தில் கேமரா, முன்னே காய்ந்த தரைபோல ஒரு திட்டு. பக்கத்தில் நின்ற ஒருவர் ஒரு காலை இறக்கியே விட்டார். பின்னாலிருந்து யாரோ போட்ட சத்தத்தில் மேலே ஏறிக்கொண்டார். அதே 2016-ல் கனடாவிலிருந்து வந்த சில இளைஞர்கள் இந்த ஊற்றின் மேலேயே நடந்து படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். விஷயம் நீதிமன்றம் வரை போய்ச் சிறைத் தண்டனையும் கிடைத்தது.

நாங்கள் மறுநாள் மதியம் திரும்பப் போனோம். இந்த முறை ஊற்றுக்குப் பக்கத்தில் போகாமல், ஃபெய்ரி ஃபால்ஸ் அருவிக்குப் போகும் பாதையில் நடந்தோம். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் போனால் மேட்டில் ஒரு பார்வைத்தளம். முன்பெல்லாம் மேலேயிருந்து எடுக்கும் ஆசையில் ஆளாளுக்கு அந்த மலைச்சரிவில் ஏறி, கண்ட இடத்தில் தடம் போட்டு மண்ணைச் சரித்துவிட்டார்களாம். அதனால் பூங்காவே முறையாக ஒரு பாதை அமைத்து 2017-ல் திறந்துவிட்டது. வெயில் ஏறிய பிறகு காற்று சூடாகி, ஆவி மெலிந்துவிடுகிறது. பேரனுக்கு அவன் வட்டம் கிடைத்தது. விடியற்காலை வெளிச்சம்தான் அழகு என்று புகைப்படக்காரர்கள் சொல்லிக் கேட்டுப் பழகிவிட்டோம், இந்த ஊற்றுக்கு அது பொருந்தாது. உங்கள் கட்டுரையும் "அதிகாலையில் போங்கள்" என்றுதான் சொல்கிறது!

நேரில் பார்த்த நிறம் உங்கள் படத்தில் இருந்த அளவுக்கு அடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மஞ்சளும் ஆரஞ்சும் கல்லின் நிறம் அல்ல, உயிருள்ளவை. வெந்நீரில் வாழும் நுண்ணுயிர்கள் படலம் படலமாகப் படர்ந்திருக்கின்றன. எந்தச் சூட்டை எந்த வகை தாங்குமோ அதற்கேற்ப நிறம் மாறுகிறது. நடுவில் அவை தாங்க முடியாத சூடு, அதனால் அங்கே தண்ணீரின் நீலம் மட்டும். 1966-ல் தாமஸ் பிராக் என்ற அறிவியலாளர் இதே பூங்காவின் வெந்நீர் ஊற்று ஒன்றிலிருந்து தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவைச் சேகரித்தார். அதிலிருந்து கிடைத்த என்சைம்தான் பிசிஆர் சோதனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதுதான். இரண்டடி இறங்கி நிற்கச் சொல்கிறீர்களே, நிற்கப் போவது அந்த உயிர்களின் மேல். ஒரு காலடித் தடம் மறைய வருடக்கணக்கில் ஆகலாம்.

மார்னிங் குளோரி குளத்தையும் பார்த்தோம். பூவின் பெயர் வைக்கும் அளவுக்கு ஒரு காலத்தில் நீலமாக இருந்தது. மக்கள் காசும் குப்பையும் போட்டுப் போட்டு நீர் வரும் துளைகள் அடைபட்டன, சூடு குறைந்தது, ஓரத்து மஞ்சள் உள்ளே நகர்ந்துவிட்டது. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நெஞ்சு வலிக்கும்.

கெய்சர், அதாவது அவ்வப்போது வெந்நீரை மேலே பீச்சியடிக்கும் ஊற்று, அது பற்றியும் ஒன்று. (நம் குளியலறைக் கீசருக்கும் அதே பெயர்தான், ஐஸ்லாந்து ஊற்று ஒன்றின் பெயரிலிருந்து வந்தது.) கேசில் கெய்சர் பீச்சியடிப்பதைப் படமெடுத்தபோது காற்று எங்கள் பக்கம் திரும்பி மருமகனின் மூக்குக் கண்ணாடி முழுக்கத் தூறல். அப்படியே காயவிட்டுவிட்டார். அதில் இருந்த சிலிக்கா வெள்ளைப் புள்ளிகளாக ஒட்டிக்கொண்டு கடைசிவரை போகவில்லை. கேமரா லென்ஸுக்கும் இதே கதிதான், உடனே துடைத்துவிட வேண்டும். பயணக் கட்டுரைக்குப் பயன்படக்கூடிய குறிப்பு என்றால் இதைப் போட்டிருக்கலாம்.

பலகைப் பாதையில் நின்றால் ஆபத்தே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 2024 ஜூலையில் இதே பூங்காவின் பிஸ்கட் பேசின் பகுதியில் நீராவி அழுத்தத்தால் ஒரு குளம் வெடித்து, பாதையையே பெயர்த்தெறிந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை.

படங்களே வேண்டாம் என்பவள் அல்ல நான். 1871-ல் வில்லியம் ஹென்றி ஜாக்சன் கண்ணாடித் தகடுகளைச் சுமந்துபோய் எடுத்த படங்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசப்பட்டன, மறு வருடம் மார்ச்சில் அந்த இடம் தேசியப் பூங்காவானது. படத்துக்கு அவ்வளவு வலு இருப்பதால்தான் கேட்கிறேன். அந்த இரண்டடி வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். இனிமேல் இப்படிப்பட்ட இடத்தின் படம் வந்தால், எங்கே நின்று, எந்த நேரத்தில் எடுத்தது, நிறம் கூட்டப்பட்டதா என்று கீழே ஒரு வரி சேருங்கள்.

இத்துடன் நான் எடுத்த படம் ஒன்றை அனுப்புகிறேன். பார்வைத்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மதியம் ஒன்றேகாலுக்கு எடுத்தது. நிறத்தைத் தொடவில்லை. இடது ஓரத்தில் ஆரஞ்சுப் படலத்தின் மேல் சிவப்பாகத் தெரிவது யாரோ ஒருவரின் தொப்பி. காற்றில் பறந்து விழுந்திருக்கிறது, நல்லவேளை அதை எடுக்க யாரும் இறங்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி