சிறுநீர்ப் பட்டையை வைத்து ரத்தத்தை அளக்க முடியாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் உடல்நலப் பகுதியில் அமில உணவு, கார உணவு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். (காரம் என்றால் இங்கே மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை.) இறைச்சி, முட்டை, தானியம் எல்லாம் ரத்தத்தை அமிலமாக்கிவிடும். பழமும் காய்கறியும் ஆல்கலைன் தண்ணீரும், அதாவது காரத்தன்மை கூடிய தண்ணீரும், அதைச் சரிசெய்யும். தினமும் காலையில் சிறுநீரில் நிறம் மாறும் சோதனைப் பட்டையை நனைத்து நிறம் பார்த்தால் உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இதுதான் கட்டுரையின் சாரம். பழமும் காய்கறியும் நிறையச் சாப்பிடச் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. சொன்ன காரணம்தான் தவறு. பலன் நல்லதுதானே, காரணம் எப்படி இருந்தால் என்ன என்று விட்டுவிடவும் முடியவில்லை. அந்தக் காரணத்தை நம்பினால் ஆபத்தில் மாட்டக்கூடிய நோயாளிகள் உங்கள் வாசகர்களிலேயே இருப்பார்கள்.

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ரத்தத்தின் அமில-கார அளவைப் பார்ப்பது எங்களுக்கு அன்றாட வேலை. இதற்கான ரத்தத்தைப் பெரும்பாலும் மணிக்கட்டில், நாடி பிடித்துப் பார்க்கும் இடத்தில் ஓடும் தமனியிலிருந்து எடுப்பார்கள். சாதாரண ஊசியைவிட வலிக்கும். சிரிஞ்சுக்குள் சின்னக் காற்றுக்குமிழி இருந்தால்கூட உடனே வெளியேற்றி மூட வேண்டும். இல்லையென்றால் ரத்தத்தில் உள்ள கரியமில வாயு குமிழிக்குள் போய் அளவு மாறிவிடும். சும்மா வைத்திருக்கவும் கூடாது. சிரிஞ்சுக்குள்ளும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைச் சிதைத்து லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும்.

இத்தனை கவனம் எதற்கு என்றால், நாங்கள் தேடுகிற மாற்றம் அவ்வளவு சிறியது. அமில-கார அளவைச் சொல்லும் எண் பிஹெச்; அது குறைந்தால் அமிலம் கூடுகிறது, ஏறினால் காரம் கூடுகிறது. ஆரோக்கியமானவரின் தமனி ரத்தத்தில் பிஹெச் 7.35க்கும் 7.45க்கும் நடுவில்தான் இருக்கும். 7.4இலிருந்து 7.1க்கு இறங்கினால் கேட்பதற்கு அற்ப வித்தியாசம்போலத் தெரியும். ஆனால் அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகளின் அளவு லிட்டருக்கு 40 நானோமோலிலிருந்து 80க்கு, அதாவது இரண்டு மடங்காகிவிடுகிறது. 6.8க்குக் கீழே போனாலோ 7.8க்கு மேலே போனாலோ பிழைப்பது அரிது. ஒருவேளைச் சாப்பாடு இந்த எண்ணை இஷ்டத்துக்கு மேலும் கீழும் இழுக்கக்கூடியதாக இருந்தால் மனிதகுலம் இத்தனை காலம் தழைத்திருக்காது.

உடம்பில் உண்டாகிற அமிலத்தில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? நாம் உயிரோடு இருப்பதாலேயே வருகிறது. சக்திக்காக உணவை எரிக்கும்போது ஒரு நாளைக்குச் சுமார் 15,000 மில்லிமோல் கரியமில வாயு உண்டாகிறது. தண்ணீரோடு சேர்ந்தால் அது கார்பானிக் அமிலம். அத்தனையையும் நுரையீரல் மூச்சோடு வெளியே அனுப்பிவிடுகிறது. கட்டுரை பயமுறுத்துகிற அமிலம் வேறு வகை: புரதத்தில் உள்ள கந்தகத்திலிருந்து வரும் சல்பூரிக் அமிலம் போன்றவை. மூச்சில் போக முடியாத இந்த வகை, இறைச்சி சாப்பிடுகிறவருக்குக்கூட நாளொன்றுக்கு 50 முதல் 100 மில்லிமோல் அளவுதான்.

மூச்சுக்கு இதில் எவ்வளவு அதிகாரம் என்பதை உட்கார்ந்த இடத்திலேயே உணரலாம். மூச்சை அடக்கிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் தாங்க முடியாத தவிப்பு வரும். ஆக்ஸிஜன் தீர்ந்துபோனதால் அல்ல, முக்கியமாகக் கரியமில வாயு ஏறுவதால். மூளைத்தண்டில் உள்ள உணரிகள் அந்த ஏற்றத்தைக் கண்டுபிடித்து 'மூச்சு விடு' என்று விரட்டுகின்றன. இதற்கு நேர்மாறாக, பதற்றத்தில் சிலர் வேகவேகமாக மூச்சு வாங்குவார்கள். கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறும், சில நிமிடங்களிலேயே ரத்தம் காரப் பக்கம் போய்விடும். தலை கிறுகிறுக்கும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரமரப்பு வரும், சிலருக்குக் கைவிரல்கள் இழுத்துக்கொள்ளும். காரமான ரத்தம் என்றால் இதுதான். அதை ஆரோக்கியத்தின் அடையாளமாகக் காட்டுவது எவ்வளவு தவறு என்று பாருங்கள்.

மீதி வேலை சிறுநீரகத்துடையது, அது நிதானமாக நடக்கிறது. ஒரு நாளில் சிறுநீரகம் வடிகட்டும் திரவம் சுமார் 180 லிட்டர். அதில் 4,000 மில்லிமோலுக்கு மேல் பைகார்பனேட் போகிறது. அமிலத்தை நடுநிலைப்படுத்த ரத்தம் வைத்திருக்கும் முக்கியச் சரக்கு இந்தப் பைகார்பனேட்தான். ஆரோக்கியமான சிறுநீரகம் ஏறக்குறைய முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அப்புறம், சாப்பாட்டிலிருந்து வந்த அமிலத்தைப் பாஸ்பேட்டோடும் அம்மோனியாவோடும் சேர்த்துச் சிறுநீரில் தள்ளுகிறது. அமிலம் கூடினால் சில நாட்களில் சிறுநீரகம் அம்மோனியா உற்பத்தியைக் கூட்டிக்கொள்ளும். உணவை மாற்றிவிட்டு மிக நுணுக்கமாக அளந்தால் ரத்தத்திலும் ஒரு சிறு வேறுபாடு தெரியலாம். ஆனால் அது இயல்பான எல்லைக்குள்தான் இருக்கும்.

சரி, சிறுநீர்ப் பட்டை என்ன காட்டுகிறது? சிறுநீரகம் எதை வெளியே தள்ளியது என்பதைத்தான். சிறுநீரின் பிஹெச் 4.5இலிருந்து 8 வரை தாராளமாக ஏறி இறங்கும், ரத்தம் 7.4இல் நிற்பதே அதனால்தான். பட்டை அமிலம் என்று காட்டினால் சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். காரம் என்று காட்டுவதும் எப்போதும் நல்ல சேதி அல்ல. யூரியாவைச் சிதைக்கும் கிருமிகள் சிறுநீர்ப் பாதையில் தொற்றினாலும் சிறுநீர் காரமாகும். தொற்றோடு இருக்கும் ஒருவர் பட்டையின் நிறத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட்டால் என்ன ஆவது?

கட்டுரையோடு வந்த அட்டவணையில் எலுமிச்சை, கார உணவு என்ற பக்கத்தில் இருக்கிறது. அதில் பிழையில்லை. எலுமிச்சையின் சிட்ரேட்டை உடல் எரித்ததும் பைகார்பனேட் மிஞ்சும். அதனால் சிறுநீர் காரப் பக்கம் நகரும். ரெமர், மான்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1995இல் உணவுகளுக்கு இப்படிப்பட்ட ஒரு அட்டவணையை வெளியிட்டார்கள். ஆனால் அவர்கள் கணக்கிட்டது சிறுநீரகத்தின் மேல் விழும் அமிலச் சுமையை, அதன்வழி சிறுநீரின் பிஹெச்சை. ரத்தத்தின் பிஹெச்சை அல்ல.

ஆல்கலைன் தண்ணீருக்கு வருகிறேன். பிஹெச் 9.5 உள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கும் ஹைட்ராக்சைடு (காரத்தன்மை தரும் அயனி) சுமார் 0.03 மில்லிமோல். தாது உப்புகள் அதிகம் இல்லாத தண்ணீர் என்றால், பிஹெச் 2 உள்ள இரைப்பை அமிலம் மூன்று மில்லிலிட்டர் இருந்தாலே அந்த முழு லிட்டரின் காரத்தன்மையும் தீர்ந்துபோகும். தண்ணீராகக் குடிப்பதில் தவறில்லை, மருந்தாக நம்புவதில்தான் தவறு.

அமில உணவால் எலும்பு கரையும் என்ற பயம் 1968இல் வாக்மன், பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த ஒரு கருதுகோளிலிருந்து பரவியது. பின்னால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கு அதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. புற்றுநோய் விஷயத்தில் ஜெர்மன் உயிர்வேதியியல் அறிஞர் ஓட்டோ வார்பர்க்கின் பெயரைக் கட்டுரை இழுத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அவருக்கு 1931இல் நோபல் பரிசு கிடைத்தது செல்களின் சுவாச நொதியைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக. 'கார உடலில் புற்றுநோய் வாழாது' என்று அவர் நிரூபித்ததாகச் சொல்வது பொய். கட்டியைச் சுற்றி அமிலம் இருப்பது உண்மை, ஆனால் அதை உண்டாக்குவதே புற்றுச் செல்கள்தான். இந்த வரியை நம்பி ஒருவர் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் இழந்த மாதங்கள் திரும்பி வராது.

அப்படியென்றால் உணவுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. கட்டுரை தொடாத இடத்தில் இருக்கிறது. நாள்பட்ட சிறுநீரக நோய் முற்றும்போது அமிலத்தை வெளியேற்றும் திறன் குறைந்து, ரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு 22 மில்லிமோலுக்குக் கீழே இறங்கலாம். இது நிஜமான அமிலத் தேக்கம். தசையையும் எலும்பையும் அரிக்கும். மருத்துவர்கள் சோடியம் பைகார்பனேட் மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான். முற்றிய சிறுநீரக நோய் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, பழம் காய்கறியைக் கூட்டிக் கொடுத்து நடத்திய ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. அவர்களுக்கும் பைகார்பனேட் ஏறியது. ஆனால் பொட்டாசியம் ஏறும் அபாயம் குறைவாக இருந்தவர்களை மட்டுமே அதில் சேர்த்தார்கள். காரணம் இருக்கிறது. பழத்திலும் காய்கறியிலும் உள்ள பொட்டாசியத்தைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் போகலாம். ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நின்றும்போகலாம். உங்கள் அட்டவணையைப் பார்த்து ஒரு சிறுநீரக நோயாளி தானாகவே பழச்சாற்றைக் கூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் என் முதல் கவலை. யூரிக் அமிலக் கல் உள்ளவர்களுக்கும் சிறுநீரைக் காரமாக்குவது பலன் தரும். ஆனால் கால்சியம் பாஸ்பேட் கல் காரமான சிறுநீரில்தான் எளிதாக உருவாகும். எந்தக் கல் என்று தெரியாமல் இறங்கக் கூடாது.

இரண்டாவது கவலை சர்க்கரை நோயாளிகள். இன்சுலின் போதாமல், கொழுப்பு சிதைவதால் உண்டாகும் கீட்டோன் அமிலங்கள் குவிந்தால் பிஹெச் 7க்கும் கீழே போகக்கூடும். அதை ஈடுகட்ட, கரியமில வாயுவைக் கூடுதலாக வெளியேற்றுவதற்காக உடல் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கும். 1874இல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் விவரித்த மூச்சு அது. அங்கே உயிரைக் காப்பது இன்சுலினும் நரம்பு வழி ஏற்றும் திரவமும், தண்ணீர் பாட்டில் அல்ல. வெறும் சமையல் சோடாவைக் கரைத்துத் தினமும் குடிப்பதும் விளையாட்டல்ல. 1920களில் வயிற்றுப் புண்ணுக்குப் பாலும் காரப் பொடிகளும் மணிக்கு மணி கொடுத்தபோது, சில நோயாளிகளுக்கு ரத்தத்தில் கால்சியமும் காரமும் ஏறிச் சிறுநீரகம் பழுதானது.

ஆகவே அடுத்த இதழில், அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களும், பொட்டாசியத்தை உயர்த்தும் மாத்திரை எடுப்பவர்களும் அந்த அட்டவணையைப் பார்த்து உணவை மாற்ற வேண்டாம் என்று அதில் இருக்கட்டும். இன்சுலினை யாரும் தாமாகக் குறைக்கக் கூடாது என்றும், சர்க்கரை நோயாளிக்கு வாந்தியும் மூச்சுவாங்கலும் சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் எழுதுங்கள். வார்பர்க் பற்றிய வரியை இணையப் பதிப்பிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அதற்கு அடுத்த இதழ் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஆய்வகப் பணியில் இருக்கும் உங்கள் வாசகர்