ஒடியல் மா எவ்வளவு தந்துவிட?

வெள்ளவத்தை, கொழும்பு
ஞாயிறு

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் சீனி கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது, கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறார். நீ சாப்பிடுகிறாயா? போன கிழமை வீடியோவில் கதைத்தபோது உனக்குப் பின்னால் அடுப்பு தெரிந்தது. ஒரு சட்டிகூட இல்லை, அப்படியே மினுங்கிக்கொண்டிருந்தது. அடுப்பு அவ்வளவு சுத்தமாக இருந்தால் எனக்கு நித்திரை வராது.

இங்கே கறிவேப்பிலை தழைத்துவிட்டது. மே தொடங்கி செப்டெம்பர் வரை கடற்காற்று உப்பை அள்ளி வந்து பால்கனியில் கொட்டும், தெரியும்தானே. மிளகாய்க் கன்றெல்லாம் கருகிப்போயிற்று. கறிவேப்பிலையை மட்டும் பெயின்ற் வாளியோடு உள்ளே இழுத்து வைத்தேன். நுனியைக் கிள்ளி, பூ வர வர ஒடித்து, புளித்த மோரைக் கரைத்து ஊற்றினேன். இப்போது கிள்ளின இடத்திலெல்லாம் இரண்டு துளிர். ரம்பை வழக்கம்போல, ஒருவரும் திரும்பிப் பார்க்காமலே வளர்கிறது.

பாதிக் கறிவேப்பிலை மேல்வீட்டு ராத்தாவுக்குத்தான் போகிறது. 2022இல் காஸ் இல்லாமல் மொட்டைமாடியில் கல் வைத்து விறகில் சமைத்தோமே, நீ அங்கிருந்து பதறிப் பதறிப் போன் எடுப்பாய். அதுவரை இந்தக் கட்டிடத்தில் லிஃப்டில் சிரிப்பதோடு சரி. அப்புறம் கீழ்வீட்டு நோனா விறகு கொண்டு வருவா, ராத்தா தேங்காய் துருவுவா, பருப்பு என் பொறுப்பு. காஸ் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. வெள்ளிக்கிழமை நான் முட்டை தொடமாட்டேன் என்று, ராத்தா வட்டிலப்பத்தைச் சனிக்கிழமைதான் அவித்து அனுப்பினா.

உனக்கு அங்கே அப்படி யாராவது இருக்கிறார்களா? கதவைத் தட்டி உப்புக் கேட்கிற அளவுக்கு?

என்னிடம் விசாரிக்கிற எல்லோருக்கும் மகள் கெட்டிக்காரி, எல்லாம் தானே பார்த்துக்கொள்வாள் என்றுதான் சொல்கிறேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கெட்டித்தனத்தை என்னிடமும் காட்ட வேண்டுமா? “வேலை அதிகம் அம்மா” என்று மூன்று சொல்லோடு வைத்துவிடுகிறாய்.

வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் அர்ச்சனை. ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். உன்னுடையதையும் உன்னவருடையதையும் சேர்த்தே சொன்னேன். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

சமைத்துச் சாப்பிடு, பிள்ளை. சோறும் பருப்பும் போதும், கடைப் பெட்டிச் சாப்பாடு வேண்டாம்.

மாமியின் மகன் அடுத்த மாதம் கனடா திரும்புகிறார், ஸ்காபரோவுக்கு. அவரிடம் ஒடியல் மா தந்துவிடுகிறேன். அங்கே கடையிலேயே கிடைக்கும் என்று சொல்லாதே, அது எந்தக் காலத்து மாவோ. இது சித்தி யாழ்ப்பாணத்தில் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்து அனுப்பினது. தண்ணீரில் ஊறவிட்டு மேல்தண்ணீரை வார்த்துவிடு, திரும்பவும் ஊறவிடு. கசப்பு அப்படித்தான் போகும். கூழுக்குப் பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, கிடைக்கிற மீன், நண்டு போடு. மாவைக் கரைத்து விட்ட பிறகு கிண்டிக்கொண்டே நில், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். போனை அந்தப் பக்கம் வைத்துவிடு. கூழ் தனி ஆளுக்குக் காய்ச்சுகிற சாமான் இல்லை, வேலையிடத்துச் சிநேகிதிகளைக் கூப்பிடு.

எவ்வளவு மா தந்துவிட? இரண்டு பேருக்கு அளவாகவா, உனக்கு மட்டுமா? எதுவென்றாலும் சரி, நான் காரணம் கேட்கமாட்டேன். இந்தக் கிழமைக்குள் எழுது, அவர் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்.

அம்மா