உபயம் யார்? என்.எஃப்.எல். முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். அணிகளின் உரிமையாளர்களுக்கும் ஆணையர் ராஜர் குடெல் அவர்களுக்கும்,

வணக்கம். இந்த மடல் உங்கள் மேசைக்கு வந்து சேராது என்று தெரியும். ஆனால் கலிஃபோர்னியாவின் சான்ட்டா கிளாராவில், நைனர்ஸ் அணி ஆடும் லீவைஸ் மைதானத்தைச் சுற்றி மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டு, உங்கள் டிக்கெட்டையும் ஜெர்சியையும் காசு கொடுத்து வாங்குகிற தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களாவது படிக்கட்டும் என்று தமிழிலேயே எழுதுகிறேன்.

கறுப்பின மக்கள்மேல் நடக்கும் ஒடுக்குமுறையை எதிர்த்து, 2016-லிருந்து உங்கள் வீரர்கள் சிலர் கீதத்தின்போது மண்டியிட்டார்கள். அதற்குப் பதிலாக 2018 மே மாதம் அட்லாண்டாவில் கூடி ஒரு தீர்மானம் போட்டீர்கள். தேசிய கீதம் ஒலிக்கும்போது மைதானத்தில் இருக்கும் வீரர்கள் எழுந்து நிற்க வேண்டும். நிற்க விருப்பமில்லாதவர் உடைமாற்றும் அறையிலேயே இருந்துகொள்ளலாம். மைதானத்துக்கு வந்து மண்டியிட்டால் அணிக்கு அபராதம். இரண்டு மாதம்கூட அது தாங்கவில்லை. வீரர்கள் சங்கம் முறையிட்டதும் ஜூலையில் நிறுத்திவைத்தீர்கள். நிறுத்திவைப்பது வேறு, தவறென்று சொல்லிக் கைவிடுவது வேறு. அந்த இரண்டாவதைச் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

லீவைஸ் மைதானத்தில் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நடப்பதைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆடுகளம் முழுவதையும் மூடுகிற அளவுக்கு ஒரு கொடியைத் தூக்கி வருவார்கள். அதன் விளிம்பைச் சுற்றி நூற்றுக்கணக்கானவர்கள் பிடித்துக்கொண்டு, அது அலையடிக்கும்படி மேலும் கீழும் அசைப்பார்கள். "தயவுசெய்து எழுந்து நின்று தொப்பியைக் கழற்றவும்" என்று ஒலிபெருக்கி சொல்லும். அதுவரை பீர் வரிசையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஆள் சட்டென்று அமைதியாகி, பிளாஸ்டிக் கோப்பையை இடக்கைக்கு மாற்றி, வலக்கையை நெஞ்சில் வைப்பார். கடைசி வரியில் பாடகியின் குரல் மேலே போகும்போது போர் விமானங்கள் தலைக்குமேல் கிழித்துக்கொண்டு போகும். உடம்பு சிலிர்க்கும்; எனக்கும்தான். இது பொய்யான உணர்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கோயிலில் தீபாராதனை காட்டும்போது நம்பாதவனுக்கும் கை தானாகக் குவியும், அந்த வகை.

அமெரிக்காவில் தேவாலயங்களுக்கு வெளியே இப்படி இன்னொரு மதம் நடக்கிறது என்று சமூகவியலாளர் ராபர்ட் பெல்லா 1967-லேயே எழுதினார். அதற்குத் திருநாள்கள் உண்டு, தியாகிகள் உண்டு, புனிதத் தலங்கள் உண்டு. அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நாடு தன்னைவிடப் பெரிய ஒரு நீதிக்குக் கட்டுப்பட்டது, அந்த நீதியின் முன்னால் நாடும் விசாரணைக்கு உட்பட்டது என்பதுதான் அந்த மதத்தின் நல்ல பக்கம் என்றார். நீங்கள் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுச் சடங்கை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

சடங்குமே ஒன்றும் அனாதி காலத்தது அல்ல. ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ 1814-ல் எழுதிய பாட்டு அது. மெட்டு லண்டன் கனவான்கள் சங்கம் ஒன்றில் பாடப்பட்டது. சட்டப்படி தேசிய கீதம் ஆனது 1931-ல்தான். அதற்கு முன்பே, 1918-ல், முதல் உலகப் போரின் நடுவே சிகாகோவில் நடந்த பேஸ்பால் இறுதித் தொடரின் இடைவேளையில் ஒரு பேண்டு வாத்தியக் குழு அதை வாசித்தது. கடற்படையிலிருந்து விடுப்பில் வந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு வீரர் சல்யூட் அடித்தார். கூட்டம் பாடத் தொடங்கியது. தொடர் பாஸ்டனுக்குப் போனபோது, அந்த ஊர் அணியின் முதலாளி ஹாரி ஃபிரேஸி பாட்டை ஆட்டத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஃபிரேஸி நாடகத் தயாரிப்பாளரும்கூட. எந்த இடத்தில் எதை வைத்தால் கைதட்டல் விழும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ல், ஆட்டத்தின் தொடக்க உதைபோலக் கீதமும் ஒவ்வொரு ஆட்டத்திலும் இருக்க வேண்டும் என்றார் உங்கள் அன்றைய ஆணையர் எல்மர் லேடன். அப்படியும் 2009 வரை, தொலைக்காட்சியின் நேரக் கணக்குக்காக, முக்கிய இரவு ஆட்டங்களில் கீதம் ஒலிக்கும்போது வீரர்கள் உள்ளே அறையில்தான் இருந்தார்கள். அப்போது எந்தத் தேசமும் அவமானப்பட்டதாக யாரும் புகார் சொல்லவில்லை.

இனி பணம். 2015-ல் ஜான் மெக்கெயின், ஜெஃப் ஃபிளேக் என்ற இரண்டு செனட்டர்கள் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். இரண்டு பேரும் குடியரசுக் கட்சிக்காரர்கள். மெக்கெயின் வியட்நாமில் ஐந்து வருஷத்துக்கு மேல் போர்க்கைதியாக இருந்தவர். தொழில்முறை விளையாட்டு அணிகள் நடத்திய ராணுவ மரியாதைகளில் பலவும் பாதுகாப்புத் துறையிடம் காசு வாங்கிக்கொண்டு நடத்தப்பட்டவை என்று அறிக்கை காட்டியது. அப்படி அவர்கள் அடையாளம் கண்ட தொகை 68 லட்சம் டாலர். பெரிய கொடி விரிப்பது, கீதம் பாடுவது, வீடு திரும்பிய சிப்பாயைத் திரையில் காட்டிக் கைதட்டச் சொல்வது, இதெல்லாம் ஒப்பந்தத்தில் வரிவரியாக இருந்தது. அடுத்த வருஷம் நீங்களே கணக்குப் பார்த்து ஏழு லட்சத்துச் சொச்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு டியூப்லைட் மாட்டினாலும் அதன்மேல் பெயின்டில் "உபயம்" என்று போட்டு, கொடுத்தவர் பெயரையும் தகப்பனார் பெயரையும் எழுதிவிடுவார்கள். வெளிச்சம் பாதி அந்த எழுத்திலேயே மறைந்துபோகும், சரி. ஆனால் காசு யார் கொடுத்தது என்று சாமி கும்பிட வந்தவனுக்குத் தெரியும். உங்கள் மைதானத்தில் அந்தச் சிப்பாயைப் பார்த்துக் கண் கலங்கி நின்றவர்களுக்கு, அந்தக் கண்ணீருக்கு அவர்களுடைய வரிப்பணத்திலேயே ரசீது போட்டிருக்கிறது என்பது தெரியாது.

நைனர்ஸ் வீரர் காலின் கேப்பர்னிக்கின் கதை அந்த அறிக்கைக்கு அடுத்த வருஷம். அவர் செய்ததைப் பலரும் தப்பாகவே நினைவு வைத்திருக்கிறார்கள். 2016 ஆகஸ்டில், பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களில், அவர் மண்டியிடவில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கறுப்பின மக்களை ஒடுக்கும் நாட்டின் கொடிக்குப் பெருமிதம் காட்டி எழுந்து நிற்கமாட்டேன் என்று நிருபரிடம் காரணமும் சொன்னார். அதைப் பார்த்து மனம் புண்பட்டவர்களில் ஒருவர் நேட் போயர். ராணுவச் சிறப்புப் படையில் இருந்தவர், பிறகு கொஞ்ச காலம் கால்பந்தும் ஆட முயன்றவர். போயர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கேப்பர்னிக் அவரைச் சந்திக்க விரும்பினார். உட்கார வேண்டாம், மண்டியிடு என்றது போயர்தான். இறந்த தோழனின் கல்லறை முன்னால் சிப்பாய்கள் அப்படித்தான் மண்டியிடுவார்கள் என்றார். 2016 செப்டம்பர் 1 அன்று சான் டியேகோவில் கேப்பர்னிக்கும் சக வீரர் எரிக் ரீடும் முழங்காலைத் தரையில் ஊன்றினார்கள். பக்கத்திலேயே போயர் நெஞ்சில் கைவைத்து நின்றார். துக்கத்தில் அரைக்கம்பத்தில் பறக்கும் கொடியைப் போல என்று பிறகு ரீட் எழுதினார்.

ஒருவன் சொன்ன வருத்தத்தைக் கேட்டு இன்னொருவன் தன் எதிர்ப்பின் வடிவத்தையே மாற்றிக்கொள்கிறான். பொதுவாழ்வில் இதைவிட மரியாதையான பரிமாற்றத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. இதற்கு நீங்கள் கொடுத்த பதில், 2017 மார்ச்சுக்குப் பிறகு அவருக்கு எந்த அணியிலும் இடமில்லை என்பது. நீங்கள் கூடிப்பேசி ஒதுக்கியதாக அவர் போட்ட வழக்கை 2019-ல் சமரசம் பேசி முடித்தீர்கள்; என்ன கொடுத்தீர்கள் என்பது ரகசியம்.

மண்டியிடுவதில் உங்களுக்கு ஆட்சேபணை இருந்ததே இல்லை. 2011-ல் டென்வர் அணியின் டிம் டீபோ ஆட்டத்தின் நடுவே ஒரு முழங்காலை ஊன்றி ஜெபம் செய்தார்; நாடே அதைப் போலச் செய்து படம் எடுத்துக்கொண்டது. 2017 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் அலபாமா கூட்டத்தில், மண்டியிடுகிறவனைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டி, அவனை மைதானத்திலிருந்து விரட்டுங்கள் என்று உங்களிடம் கேட்டார். அடுத்த திங்கட்கிழமை அரிசோனாவில் டாலஸ் அணி முதலாளி ஜெரி ஜோன்ஸே தன் வீரர்களோடு கைகோத்து மண்டியிட்டார். கீதம் தொடங்குவதற்கு முன்னால் மட்டும்! தொடங்கும் நேரத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கடவுளுக்கு முன்னால் மண்டியிடலாம், ஒற்றுமைக்காக மண்டியிடலாம், அந்த இரண்டு நிமிஷம் மட்டும் கூடாது. கடவுளைவிடப் பெரிய இடத்தில் பாட்டை உட்காரவைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் ஊர்ப் பாதிரியார்களே சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் பார்க்கிறேன். நீங்கள் அரசாங்கம் அல்ல, வேலை கொடுக்கிறவர்கள். வேலை நேரத்தில் பணியாளர் என்ன செய்யலாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளையைப் போரில் பறிகொடுத்த ஒரு தாய் அந்தக் காட்சியைப் பார்த்து நொந்துபோவதும் உண்மை. அதை அலட்சியப்படுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நீங்கள் வெறும் வேலை ஒழுங்கு பற்றிப் பேசவில்லையே. தேசபக்தி பற்றிப் பேசினீர்கள். அதைப் பேசினால், அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் அதைப்பற்றி என்ன சொன்னது என்பதும் வந்துவிடும். 1943-ல், உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது, கொடியை வணங்குவது தங்கள் மதத்துக்கு ஆகாது என்று நம்பும் ஜெஹோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவச் சபையாரின் பிள்ளைகளைப் பள்ளியில் கொடிக்கு வணக்கம் செலுத்தக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மேற்கு வர்ஜீனியா வழக்கில் தீர்ப்பு வந்தது. மூன்றே வருஷத்துக்கு முன்னால் இதே நீதிமன்றம் நேர்மாறாகச் சொல்லியிருந்தது. அதன் பிறகு அந்தச் சபையார் பல ஊர்களில் அடிபட்டார்கள். அதையெல்லாம் பார்த்துத்தான் நீதிமன்றம் தன் தீர்ப்பையே மாற்றியது. அரசியலிலும் தேசியத்திலும் மதத்திலும் எது சரியான நம்பிக்கை என்று எந்த அதிகாரியும் விதிக்க முடியாது என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார்.

இந்தியாவிலும் இதே சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் கேரளத்தில் பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாய் திறந்து பாடவில்லை, அவ்வளவுதான். 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. 2016-ல் அதே நீதிமன்றம் திரையரங்குகளில் படத்துக்கு முன் கீதம் கட்டாயம் என்றது. 2018 ஜனவரியில் கட்டாயம் இல்லை என்று மாற்றியது. நடுவில் எழுந்து நிற்காதவர்கள்மேல் சிலர் கைவைத்ததும் நடந்தது. ஆக, இந்தத் தடுமாற்றம் உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஆனால் இரண்டு நாட்டு நீதிமன்றங்களும் தடுமாறிவிட்டுத் திருத்திக்கொண்டன.

குடெல் அவர்களே, போலீஸ்காரர் கையில் இறந்த கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலைக்குப் பிறகு, 2020 ஜூனில், வீரர்களின் பேச்சை முன்பே கேட்காதது தவறு என்று காணொளியில் சொன்னீர்கள். கேப்பர்னிக்கின் பெயர் அதில் இல்லை. ஆகஸ்டில் ஒரு பேட்டியில்தான் வந்தது. அப்புறம் கோல் எல்லைக்குப் பின்னால் புல்லில் "இனவெறியை ஒழிப்போம்" என்று எழுதவைத்தீர்கள். 2025 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு அதிபர் டிரம்ப் வந்தபோது அந்த வாசகம் அங்கே இல்லை. அதிபர் வருகைக்காக மாற்றவில்லை என்றீர்கள். நம்புகிறேன் என்றே வைத்துக்கொள்வோம். புல்லில் பெயின்டால் எழுதியதை அடுத்த வாரம் அழித்துவிடலாம் என்பதால்தான் தீர்மானமாக எழுதிக் கேட்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் மூன்று காரியம் செய்யுங்கள். 2018 தீர்மானத்தைக் கைவிட்டதாகப் பதிவு செய்யுங்கள். கீதத்தின்போது வெளியே வருவதா, நிற்பதா, மண்டியிடுவதா என்பது வீரரின் விருப்பம் என்று உங்கள் விதிப்புத்தகத்தில் ஒரு வரி சேருங்கள். ராணுவத்திடமோ வேறு எவரிடமோ காசு வாங்கிக்கொண்டு நடக்கும் மரியாதை எதுவானாலும், அது நடக்கும்போதே பெரிய திரையில் கொடுத்தவர் பெயரையும் தொகையையும் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். மேல் அடுக்கு டிக்கெட்தான் என்னால் வாங்க முடிகிறது.

இப்படிக்கு,
நைனர்ஸ் ரசிகன் ஒருவன்,
சான்ட்டா கிளாரா