உப்புக்கு மூலக்கூறு கிடையாது

அன்புள்ள மகளுக்கு,

வகுப்பில் நடத்தப்போகும் பாடத்தை நேற்று போனில் சொல்லிக் காட்டினாயே, நன்றாகவே இருந்தது. ஒரே ஒரு இடம் மட்டும் மனசில் நிற்கிறது. "உப்பு மூலக்கூறு" என்றாய். அந்தச் சொல் வேண்டாம் கண்ணு. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் வருவதெல்லாம் குழம்பும்.

சர்க்கரைக்கு மூலக்கூறு உண்டு. 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு (இதுதான் சகப்பிணைப்பு) ஒரே கட்டாக இருக்கின்றன. தண்ணீரில் கரைந்தாலும் அந்தக் கட்டு அவிழ்வதில்லை. உப்பில் சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது, குளோரின் அதை வாங்கிக்கொண்டு குளோரைடு ஆகிறது. இப்படி மின்னூட்டம் பெற்றவைதான் அயனிகள்: சோடியம் நேர் அயனி, குளோரைடு எதிர் அயனி. பிறகு ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் 6 குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் 6 சோடியம் என்று அடுக்கு போய்க்கொண்டே இருக்கிறது. எந்தச் சோடியத்துக்கு எந்தக் குளோரைடு ஜோடி என்று கேட்டால் பதிலே கிடையாது. NaCl என்ற வாய்பாடு சொல்வது ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை மட்டும்தான்.

பெரியவர்களுக்கே இது எளிதில் ஏறவில்லை. எக்ஸ் கதிரை வைத்து லாரன்ஸ் பிராக் இந்த அடுக்கைக் காட்டியது 1913-இல். ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற வேதியியலாளர் 1927-இலும் அதை எதிர்த்து எழுதினார்.

முடிந்தால் ஒரு பெரிய உப்புப் படிகமும் லென்ஸும் எடுத்துப் போ. படிகத்தின் ஒரு முகத்துக்கு இணையாக பிளேடை வைத்து லேசாகத் தட்டு. நொறுங்காமல், வழவழப்பான தளமாகப் பிளக்கும். அடுக்கு ஒரு இடம் நகர்ந்ததும் நேர் அயனிக்கு எதிரே நேர் அயனி வந்துவிடுகிறது, ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. லென்ஸில் அந்த முகத்தைப் பார்த்த பிள்ளைக்கு அடுக்கு என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

உருகுநிலை சொல்லும்போது மட்டும் கவனம். உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும், பனிக்கட்டிக்கு 0 போதும். "அப்போ சகப்பிணைப்பு பலவீனம்" என்று யாராவது எழுதிக்கொள்வார்கள். அது தப்பு. பனிக்கட்டி உருகும்போது மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள இழுப்புத்தான் தளர்கிறது. உள்ளே ஆக்சிஜன், ஹைட்ரஜன் பிணைப்பு அப்படியே இருக்கிறது.

மின்சாரம் கடத்துவதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: திட உப்பு கடத்தாது, உருக்கினாலோ கரைத்தாலோ கடத்தும், சர்க்கரைக் கரைசல் கடத்தாது. ஹைட்ரஜன் குளோரைடை யாராவது கேட்டால் அவசரப்படாதே. வாயுவாக இருக்கும்போது அது மூலக்கூறுதான், தண்ணீரில் சேர்ந்ததும் அயனிகளாகிவிடும். அந்தக் கேள்விக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கி வை.

அன்புடன்,
அப்பா