பதினோரு படுதாவுக்கும் நன்றி

எங்கள் தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் வணக்கம்.

நெல் போட்ட பணம் நேற்று பாங்கில் ஏறிவிட்டது. வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. வீட்டுக்காரருக்குக் கால் கட்டு இன்னும் பிரிக்கவில்லை, அவரை விட்டு நகர முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து பாமணி ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் போர் தண்ணீரில் நாற்றுவிட்டு நட்ட குறுவை இது. ஆறு மா நிலத்திலும் ஆடுதுறை 43 ரக நெல். புரட்டாசி பிறந்த வாரம், அறுக்க இரண்டு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பயிர் பாயாகப் படுத்துவிட்டது. கதிர் தண்ணீரில் கிடந்தால் கிடந்த இடத்திலேயே முளைத்துவிடும். தண்ணீரை வடிக்க ஒரே வழி பக்கத்து வயல்.

அந்த வயல்காரப் பெரியப்பாவோடு மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. வரப்புத் தகராறு, ஊருக்கே தெரியும். அன்று ராத்திரி எப்படிக் கேட்பது என்று குடையோடு வரப்பில் நிற்கிறேன், எதிரே டார்ச் வெளிச்சம். "நான் அறுத்தாச்சு, மடையை வெட்டு" என்றார். நான் வெட்டவில்லை, அவரே வெட்டினார். மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, பேச்சா முக்கியம்?

மூன்றாம் நாள் பெல்ட் வண்டி, சேற்றில் அறுக்கிற மிஷின், இறங்கியது. சேற்றில் மெதுவாகத்தான் போகும், வாடகையோ மணிக்கணக்கு. ஓட்டிய தம்பி இரண்டு முறை மாட்டிக்கொண்டும் அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. உனக்கு ஒரு நாள் சாப்பாடு கடன், தம்பி.

அப்புறம்தான் நிஜமான வேலை. கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எங்கள் நெல் 22 காட்டியது. ரோட்டோரம் கொட்டி, நான்கு நாள், வெயில் எட்டிப் பார்க்கும்போது பரப்புவதும் மேகம் கறுத்தால் குவித்து மூடுவதுமாக ஓடியது. கீழத்தெரு அக்காக்கள் நூறு நாள் வேலை முடிந்த கையோடு வந்து, காலால் வரி வரியாகக் கிளறிவிட்டார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடு மாடு வராமல் காவல் இருந்தார்கள் (செல்போன் பார்த்துக்கொண்டேதான், இருக்கட்டும்). டீக்கடை அண்ணன் காசு வாங்கவில்லை. சின்னத்தை ஒரு நெல்லைப் பல்லில் கடித்து, "டக்குனு உடையுது, கொண்டு போ" என்றாள். மிஷினில் வைத்தால் 16.8. இனி எனக்கு அத்தை பல்தான் மிஷின்.

நாற்பது கிலோ சிப்பமாக நூற்றுப் பத்து தேறியது. ஏழெட்டு மூட்டை முளைத்துப் போனது, அது கோழிக்கு.

மழை ராத்திரியில் யார் யாரோ கொண்டுவந்து போர்த்திய படுதாக்கள் பதினொன்று. ஒன்பதைக் கழுவிக் கொடுத்துவிட்டேன். இரண்டு இன்னும் எங்கள் திண்ணையில் இருக்கின்றன. ஒன்று நீலம், மூலையில் பீடி சுட்ட ஓட்டை. இன்னொன்று ஏதோ கல்யாணப் பந்தலில் இருந்து வந்தது போல மஞ்சள் பார்டர் போட்டது. யாருடையது என்று சொல்லுங்கள், அடுத்த போகமான தாளடிக்கு நாற்று பறிப்பதற்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காபி போட்டு வைக்கிறேன்.